யப்பான் வீட்டில் தங்கப்போகிறீர்களா? முதலில் குளியலறையைத் தெரிந்துகொள்ளுங்கள்

திருகோணமலையிலிருந்து படிக்க யப்பான் போய், அங்கே ஒரு குடும்பத்தோடு தங்கப்போகும் தம்பி தங்கச்சிகளுக்கு நான் முதலில் சொல்வது குளியலைப் பற்றித்தான்.

நம்மூர்க் கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழிலும் நாம் வாளியால் அள்ளி வெளியே நின்றுதானே ஊற்றுவோம்? யப்பானிலும் முதல் பாதி அப்படியே. தொட்டிக்கு வெளியே இருந்து, சவர்க்காரம் போட்டு, நுரை முழுக்கப் போகக் கழுவவேண்டும். பிறகுதான் தொட்டிக்குள் இறங்குவது. அது அழுக்குப் போக்கும் நீர் அல்ல, உடம்பு சூடேறி அலுப்புத் தீருவதற்கான நீர். வீட்டார் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக அதே நீரில்தான் இறங்குவார்கள். ஆகவே எழும்பும்போது அடைப்பைக் கழற்றிவிடாதீர்கள். முதல் நாள் நான் கழற்றிவிட்டேன். வீட்டு அம்மா ஒரு வார்த்தை பேசாமல் திரும்ப நிரப்பினார். இன்றைக்கும் நினைத்தால் மனம் கூசும். உங்களை முதலில் குளிக்கச் சொன்னால், அது விருந்தாளிக்குரிய மரியாதை. தயங்காமல் போங்கள்.

வாசலில் செருப்பைக் கழற்றுவது நமக்குப் புதிதல்ல. ஆனால் பல வீடுகளில் கழிவறைக்கென்று தனிச் செருப்பு இருக்கும். அதோடு வெளியே வரக்கூடாது. சாப்பிடும்போது குச்சிகளைச் சோற்றில் குத்தி நிறுத்தாதீர்கள், அது செத்தவீட்டு வழக்கம்.

வெளியே போய்த் திரும்பினால் வாசலிலேயே "ததைமா" என்று குரல் கொடுங்கள். நம்முடைய "வந்திட்டன் அம்மா" தான் அது. உள்ளேயிருந்து "ஒகாயெரி", அதாவது "வந்திட்டியா, வா" என்று பதில் வந்த அன்றுதான் எனக்கு அந்த வீட்டில் நிம்மதியாக நித்திரை வந்தது.