பழைய மின்னணு பிலிம் கமரா: காசு கொடுப்பதற்கு முன் சோதிக்க வேண்டியவை

பிலிம் கமரா வாங்க ஆசைப்படும் புதியவர்கள் பெரும்பாலும் லென்ஸையும் வெளித்தோற்றத்தையும் பார்த்தே விலை பேசுகிறார்கள். 1970களின் நடுப்பகுதிக்குப் பின் வந்த கமராக்கள் பலவற்றில் சட்டர் (பிலிமுக்கு முன் திறந்து மூடும் திரை) எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதை உள்ளே இருக்கும் மின்சுற்றுதான் தீர்மானிக்கிறது. படம் பிலிமில் பதிந்தாலும் இயக்கம் மின்சாரத்தில். அந்தச் சுற்று நின்றுபோனால், கீறல் ஒன்றும் இல்லாத பளபளப்பான கமராவும் அலமாரிப் பொருள்தான்.

பழுதுகளில் இரண்டு வகை உண்டு. எண்ணெய் காய்வது, உள்ளே ஒட்டியுள்ள நுரைப்பஞ்சு உருகுவது, பற்றரி தொடும் முனையில் பூஞ்சணம்போல் உப்புப் படிவது ஆகியவற்றைக் கைத்திறன் உள்ள ஒருவர் சரிசெய்துவிடலாம். சுற்றில் உள்ள மின்னணுச் சில்லு (சிப்) செத்தால், இன்னொரு பழுதான கமராவைப் பிரித்து எடுப்பதைத் தவிர வழி இல்லை. கீழே வரும் சோதனைகள் எல்லாமே இந்த இரண்டில் எது என்று கண்டுபிடிப்பதற்காகத்தான்.

படி 1: மாதிரியைத் தெரிவு செய்தல்

பற்றரி இல்லாமலும் படம் எடுக்க முடிகிறதா என்று முதலில் கேளுங்கள். நிக்கோன் எஃப்எம்2, பென்டாக்ஸ் கே1000 போன்றவற்றில் சட்டர் முழுக்க இயந்திரமுறையில் இயங்குகிறது. அவற்றில் பற்றரி ஒளிமானிக்கு (வெளிச்சத்தை அளக்கும் பகுதி) மட்டுமே. 1978இல் வந்த நிக்கோன் எஃப்ஈ மின்னணு சட்டர் கொண்டது. ஆனாலும் எம்90 என்ற நிலையில் பற்றரி இல்லாமல் 1/90 வினாடியில் இயங்கும். பென்டாக்ஸ் எம்ஈ சுப்பரில் அதே வேலையை 125எக்ஸ் என்ற நிலை செய்கிறது. 1976இல் வந்த கனன் ஏஈ-1இல் இப்படி ஒரு வழியே கிடையாது. பற்றரி தீர்ந்தால் அது அசையாது.

முதல் கமரா வாங்குபவருக்கு நான் சொல்வது எஃப்ஈ அல்லது எம்ஈ சுப்பர் போன்ற நடுவழி. தானியங்கி வசதியும் கிடைக்கும், சுற்று கைவிட்டாலும் ஒரு வேகமாவது மிஞ்சும். சட்டைப் பையில் அடங்கும் சிறிய தானியங்கிக் கமராக்களில் பெரிய தொகையைப் போட வேண்டாம். மோட்டார், ஃபோகஸ், ஃபிளாஷ் எல்லாம் மின்சாரம் கடத்தும் மெல்லிய வளைவுப் பட்டிகளால் இணைக்கப்பட்டிருக்கும். ஒரு பட்டி அறுந்தால் முழுக் கமராவும் போய்விடும். வீட்டில் சும்மா கிடைத்தால் மகிழ்ச்சியாகப் பாவியுங்கள்.

படி 2: பற்றரியை நீங்களே கொண்டு போங்கள்

"பற்றரி இல்லை, போட்டால் வேலை செய்யும்" என்ற சொல்லை நம்பி ஒருபோதும் காசு கொடுக்காதீர்கள். ஏஈ-1க்கு 6 வோல்ட் 4எல்ஆர்44 ஒன்று வேண்டும். எஃப்ஈ, எம்ஈ சுப்பர், மினோல்டா எக்ஸ்-700 ஆகியவற்றுக்கு எல்ஆர்44 இரண்டு போதும். பிற்காலச் சிறிய கமராக்கள் பலவற்றுக்கு சிஆர்123ஏ. எல்ஆர்44க்குப் பதிலாக அதே அளவுள்ள எஸ்ஆர்44 கிடைத்தால் அதையே வாங்குங்கள். அது வெள்ளி ஒக்சைட்டு வகை. தீரும்வரை மின்னழுத்தம் ஏறக்குறைய மாறாமல் நிற்கும்.

பற்றரி அறையைக் கைத்தொலைபேசி வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளை அல்லது பச்சைப் படிவு இருந்தால் பழைய பற்றரி கசிந்திருக்கிறது. தொடுமுனையில் மட்டும் என்றால், எலுமிச்சைச் சாற்றில் லேசாக நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்து, பின் ஐசோபுரோப்பைல் அல்ககோலால் துடைத்துக் காயவிடலாம். அந்தக் கசிவு வயர் வழியே உள்ளேயும் ஊர்ந்திருக்கலாம் என்பதால் விலையைக் குறைத்தே பேசுங்கள். ஏஈ-1இன் பற்றரி மூடி எளிதில் உடையும் பிளாஸ்டிக். அதன் கொக்கி முழுதாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

படி 3: சட்டரைக் கேளுங்கள், பாருங்கள்

இதற்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். விற்பவர் அவசரப்படுத்தினால், "அண்ணா, பொறுங்கள், பார்த்துத்தான் எடுப்பேன்" என்று சொல்வதில் தவறில்லை. பிலிம் உள்ளே இல்லை என்று உறுதிசெய்து பின்கதவைத் திறந்து, லென்ஸை வெளிச்சத்தை நோக்கிப் பிடியுங்கள். வேகத்தைக் கையால் மாற்றக்கூடிய கமராவென்றால் 1 வினாடி, 1/60, 1/1000 என்று ஒவ்வொன்றாக இயக்குங்கள். 1/1000இல் சட்டகம் முழுவதும் ஒளி தெரிய வேண்டும். ஒரு பக்கம் இருண்டால் திரைகள் ஒன்றையொன்று முந்துகின்றன. படத்திலும் அந்தப் பக்கம் கறுத்தே வரும். கண்ணுக்குப் பிடிபடாவிட்டால் கைத்தொலைபேசியின் மெதுவான காணொளியில் பதிந்து பாருங்கள். திரையை விரலால் தொடாதீர்கள்.

ஏஈ-1 அழுத்தும்போது இருமுவதுபோல் கீச்சிட்டால் பயப்பட வேண்டியதில்லை. கண்ணாடியை இயக்கும் பகுதியில் எண்ணெய் காய்ந்திருக்கிறது, திருத்தலாம். எக்ஸ்-700இல் புதிய பற்றரி போட்டும், உள்ளே விளக்குகள் எரிந்தும், சட்டர் இயங்காமல் பிலிம் நகர்த்தும் நெம்புகோல் சிக்கி நின்றால் பெரும்பாலும் மின்தேக்கி (மின்னேற்றத்தைச் சேமிக்கும் சிறு பாகம்) பழுது. மின்தேக்கி மலிவானது, அதை மாற்றிப் பற்றவைக்கத் தெரிந்தவர்தான் அரிது. 1980களின் பிற்பகுதியில் வந்த கனன் ஈஓஎஸ் கமராக்களில் திரைத் தகடுகளில் தார்போல் கறுப்புப் பசை இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே இருக்கும் அதிர்வுதாங்கிப் பஞ்சு உருகி ஒட்டுவதால் வருவது அது.

ஓரிரு தடவை இயங்கியதும் திருப்திப்படாதீர்கள். சிறிது நேரம் வைத்துவிட்டு மறுபடி இயக்குங்கள். மின்னணுப் பழுது வந்துவந்து போகும்.

படி 4: ஒளிமானி

திருகோணமலையின் உச்சிவெயில் இதற்கு நல்ல அளவுகோல். ஐஎஸ்ஓவை (பிலிமின் ஒளியுணர்திறன் எண்) 200இல் வைத்து, நேர்வெயில் படும் சாதாரணச் சுவரைப் பார்த்தால், லென்ஸின் துவாரம் எஃப் 16இல் இருக்கும்போது ஏறக்குறைய 1/250 வினாடி காட்ட வேண்டும். உப்புவெளி மணலையோ கடலையோ நோக்கிச் சோதிக்காதீர்கள். எதிரொளி அதிகம், கணக்குத் தவறும். சிறு வேறுபாட்டை ஐஎஸ்ஓவை மாற்றிச் சமாளிக்கலாம். முள் துள்ளினால் விட்டுவிடுங்கள்.

படி 5: லென்ஸும் பஞ்சும்

லென்ஸின் ஒரு பக்கம் டோர்ச் அடித்து மறுபக்கம் பார்த்தால் பூஞ்சை சிலந்தி நூல்போல் தெரியும். நம் கடற்கரை ஈரத்தில் இது சாதாரணம். பின்கதவு ஓரத்துப் பஞ்சு பிசுபிசுத்தால் புதிது ஒட்டலாம், செலவு குறைவு.

படி 6: சோதனைச் சுருள்

முதல் சுருளைக் கல்யாண வீட்டுக்குக் கொண்டு போகாதீர்கள். பிரெட்ரிக் கோட்டை மான்கள், கோணேசர் கோவில் வாசல், உட்துறைமுகப் படகுகள் என்று வெயிலும் நிழலும் கலந்து எடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் வேகத்தையும் துவாரத்தையும் கொப்பியில் எழுதுங்கள். கழுவி வந்த நெகட்டிவில் வேகமான படங்கள் மட்டும் கெட்டிருந்தால் சட்டர்; எல்லாமே ஒரே அளவில் வெளிறியிருந்தால் ஒளிமானி; ஓரத்தில் ஒளிக்கோடு இருந்தால் பஞ்சு.

படி 7: பராமரிப்பு

புறாத்தீவுக்குப் படகில் போகும்போது கமராவை மூடிய பையில் வையுங்கள். உப்புத்துளி சுற்றில் பட்டால் அரிப்பு தொடங்கிவிடும். மோட்டார் சைக்கிள் இருக்கைக்கு அடியில் வெயிலில் வைக்காதீர்கள். ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை மாரிமழையில், காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். தோல் உறைக்குள் வைத்தால் ஈரத்தை உறிஞ்சிப் பூஞ்சை வளர்க்கும். பாவிக்காத மாதங்களில் பற்றரியைக் கழற்றுங்கள். அவ்வப்போது மீண்டும் போட்டுச் சட்டரை இயக்குங்கள்.

உள்ளேயே ஃபிளாஷ் உள்ள கமராவை மட்டும் வீட்டில் திறந்து பார்க்காதீர்கள். ஃபிளாஷ் மின்தேக்கியில் 300 வோல்ட் அளவுக்கு மின்னேற்றம் இருக்கும். பற்றரியைக் கழற்றிய பிறகும் அது உடனே இறங்காது.