குரங்கு பெடலை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? ஐஇஎல்டிஎஸ் பேச்சுத் தேர்வுக்கு ஒரு சைக்கிள் பயிற்சி

வெளிநாடு போக நினைப்பவர்கள் எழுதும் ஆங்கிலத் திறன் தேர்வு ஐஇஎல்டிஎஸ். அதன் பயிற்சிக்குப் போன முதல் வாரம். "டூ யூ ஹேவ் எ பைக்?" என்று கேட்டார்கள். "யெஸ், ஒன் ஃபிஃப்டி சிசி" என்றேன் கெத்தாக. எதிரே இருந்தவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நான் கேட்டது சைக்கிளை" என்றார். நம் ஊரில் பைக் என்றால் மோட்டார் சைக்கிள். இந்தத் தேர்வில் பைக் என்றால் பெரும்பாலும் சைக்கிள்தான். முதலில் இதை மண்டையில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

பேச்சுத் தேர்வு மொத்தமே 11 முதல் 14 நிமிடம். சைக்கிள் மாதிரிக் கேள்விகள் முதல் பகுதியில் வரும். அது 4, 5 நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரு கேள்விக்கு மூன்று வாக்கியம் போதும்.

படி 1: தமிழில் யோசியுங்கள்

கேள்வி: "டிட் யூ ஹேவ் எ பைக் வென் யூ வேர் எ சைல்ட்?" உடனே ஆங்கிலத்துக்குத் தாவ வேண்டாம். சொந்த சைக்கிளா, வாடகை சைக்கிளா? சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தது யார்? எங்கே விழுந்தீர்கள்? நாலைந்து சொல் குறித்துக்கொள்ளுங்கள். என் தாளில் இருந்தவை: அப்பா சைக்கிள், குரங்கு பெடல், கோயில் திடல், முட்டியில் சிராய்ப்பு.

சைக்கிளே இருந்ததில்லையா? "நோ, ஐ டிடின்ட்" என்று தொடங்கி ஏன் என்று சொல்லுங்கள். மார்க் சைக்கிளுக்கு இல்லை, பேச்சுக்கு.

படி 2: சொல் கிடைக்காவிட்டால் செய்ததைச் சொல்லுங்கள்

குரங்கு பெடலை "மங்கி பெடல்" என்றால் தேர்வாளர் முழிப்பார். சீட் எட்டவில்லை, பாருக்கு அடியில் காலை விட்டு மிதித்தோம், அவ்வளவுதானே? அதையே சொல்லுங்கள்:

"நாட் மை ஓன், பட் ஐ ரோட் மை ஃபாதர்ஸ் பைக். ஐ குடின்ட் ரீச் த சீட், ஸோ ஐ புட் ஒன் லெக் அண்டர் த க்ராஸ்பார் அண்ட் பெடல்ட் லைக் தட். ஐ ஃபெல் ஆஃப் எ லாட்!"

இப்படிச் சுற்றி வளைத்து விளக்குவதும் சொல்வளத்துக்கான மதிப்பெண்ணில் சேரும். டபுள்ஸ் போனதும் இப்படித்தான்: "மை ஃப்ரெண்ட் சாட் ஆன் த பேக்."

படி 3: நடந்து முடிந்ததை இறந்த காலத்தில் சொல்லுங்கள்

நம்மவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். "ஐ ஆம் ஹேவிங் எ சைக்கிள் இன் மை சைல்ட்ஹுட்" என்போம். "ஐ ஹேட் எ பைக்" போதும். தினமும் செய்ததற்கு "ஐ யூஸ்டு டு ரைட் டு ஸ்கூல்". ஒருமுறை விழுந்ததற்கு "யூஸ்டு டு" கூடாது, "ஐ ஃபெல்" மட்டும். அப்புறம், சொல்லிக்கொடுத்தது அண்ணன் முறை என்றால் "கசின் பிரதர்" வேண்டாம், வெறும் "கசின்".

படி 4: "ஆர் பைசைக்கிள்ஸ் பாப்புலர் இன் யுவர் கன்ட்ரி?"

"யெஸ், வெரி பாப்புலர்" என்று நிறுத்தினால் பதில் செத்துவிடும். யாரிடம், எங்கே என்று பிரியுங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் நூற்றுக்குச் சுமார் 45 வீடுகளில் சைக்கிள் இருந்தது. எண் மறந்தால் "எ லாட் ஆஃப் ஃபேமிலீஸ்" போதும். தமிழ்நாட்டுக்காரர்களுக்குக் கைவசம் நல்ல சரக்கு உண்டு, பிளஸ் ஒன் மாணவர்களுக்கு அரசு தரும் இலவச சைக்கிள்:

"அமங் ஸ்டூடன்ட்ஸ், யெஸ். தி கவர்ன்மென்ட் கிவ்ஸ் ஃப்ரீ பைக்ஸ் டு மெனி ஆஃப் தெம். பட் மோஸ்ட் அடல்ட்ஸ் ப்ரிஃபர் மோட்டர்பைக்ஸ் தீஸ் டேஸ்."

புதுக்கோட்டைக்காரர் என்றால் இன்னும் யோகம். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தின்போது அங்கே கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். உங்கள் அம்மாவோ அத்தையோ அதில் ஒருவர் என்றால் அந்தக் கதையை விடாதீர்கள்.

படி 5: போனில் பதிவு செய்யுங்கள்

தாளைப் பார்க்காமல் பேசுங்கள், கேளுங்கள், எத்தனை "ஆக்சுவலி" என்று எண்ணுங்கள். என்னுடையதில் ஒரே பதிலில் ஆறு! மறுபடி பேசும்போது வார்த்தைகள் கொஞ்சம் மாறினால் நல்லதுதான். அட்சரம் பிசகாமல் வந்தால் மனப்பாடம் என்று தெரிந்துவிடும். அப்புறம் நண்பரை இடையிடையே "ஒய்?" என்று குறுக்கே கேட்கச் சொல்லுங்கள்.

கடைசியாக "டூ யூ ஸ்டில் ரைட் எ பைக்?" என்று வரலாம். இங்கே 150 சிசி கதையைத் தாராளமாக எடுத்துவிடலாம். "மோட்டர்பைக்" என்று முழுசாகச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.