உப்பிய லேப்டாப் பேட்டரி: பத்திரமாகக் கழற்றி, பொருத்தமானதைப் போடுவது எப்படி?

டச்பேட் கிளிக் ஆகவில்லை, சமமான மேசையில் வைத்தாலும் லேப்டாப் ஆடுகிறது, மூடினால் ஓர் ஓரம் இடைவெளி விடுகிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் பேட்டரியைச் சந்தேகப்படுங்கள். டச்பேட் கெட்டுவிட்டதென்று நினைத்து அதை மட்டும் மாற்றினால் காசுதான் நஷ்டம். அடியிலிருக்கும் பேட்டரி புது டச்பேடையும் தூக்கிவிடும்.

இப்போதைய லேப்டாப்புகளில் பெரும்பாலும் இருப்பது பை வடிவ லித்தியம் செல்கள். மெல்லிய அலுமினிய உறைக்குள் நேர்மின்வாய், எதிர்மின்வாய் அடுக்குகள் மாறி மாறி இருக்கும். அவற்றுக்கு நடுவே முடியை விட மெல்லிய பிரிப்புத் தாள். வருடக்கணக்கில் சூட்டிலும் நூறு சதவீத சார்ஜிலும் இருந்தால் எலக்ட்ரோலைட் (அடுக்குகளுக்கிடையே மின்னூட்டத்தைக் கடத்தும் திரவம்) சிதைந்து வாயுவாகும். வெளியேற வழியில்லாததால் உறை உப்பும். "ஊசியால் குத்திக் காற்றை விட்டால் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஊசி பிரிப்புத் தாளைக் கிழித்து இரு அடுக்குகளையும் நேராக இணைத்துவிடும். அந்த ஷார்ட்டில் கிளம்பும் சூடு, எளிதில் தீப்பிடிக்கும் எலக்ட்ரோலைட்டை எரிய வைக்கும். குத்துவது, வளைப்பது, அழுத்துவது மூன்றுமே ஒன்றுதான். கீழே வரும் வேலை முழுக்க இந்த மூன்றையும் தவிர்ப்பதற்காகத்தான்.

உப்பியது தெரிந்ததும் சார்ஜரைப் பிடுங்கிவிடுங்கள். புது பேட்டரி வரும் வரை சமாளிக்கலாமென்று மறுபடி சார்ஜ் போட வேண்டாம். லேப்டாப் சூடாக இருந்தாலோ, நெயில் பாலிஷ் ரிமூவர் போல இனிப்பான வாடை வந்தாலோ, உடனே அணைத்து எரியும் பொருள் எதுவும் இல்லாத திறந்த இடத்தில் வையுங்கள். அதை நீங்களே திறக்காதீர்கள். சூடும் வாடையும் இல்லை, உப்பலும் லேசானதுதான் என்றால், முக்கியமான கோப்புகளை வேறிடத்தில் சேமித்துக்கொண்டே பேட்டரியை 25 சதவீதத்துக்குக் கீழே இறக்குங்கள். சார்ஜ் குறைவாக இருந்தால், ஏதாவது தவறினாலும் வெளிப்படும் ஆற்றல் குறைவு. பிறகு முழுதாக ஷட்டவுன் செய்யுங்கள். விண்டோஸில் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுத்தால்தான் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை (சீக்கிரம் திறப்பதற்காகப் பாதி உறக்கத்தில் வைக்கும் வசதி) தாண்டி உண்மையாகவே அணையும்.

எந்த பேட்டரி பொருந்தும்?

லேப்டாப்பின் மாடல் பெயரை மட்டும் நம்பி வாங்குவதுதான் இதில் அதிகம் நடக்கும் தவறு. ஒரே மாடலுக்கு இரண்டு மூன்று வகை பேட்டரிகள் இருக்கும். சின்ன பேட்டரி வைத்த லேப்டாப்பில் பக்கத்து இடத்தில் 2.5 அங்குல ஹார்டு டிஸ்க் உட்கார்ந்திருக்கும், பெரியது அங்கே நுழையாது. அதனால் பழைய பேட்டரியின் லேபிளில் உள்ள பார்ட் நம்பரைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். அதற்காகக் கீழ் மூடியை ஒருமுறை திறக்க வேண்டியிருந்தால், அப்போதே பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். பல லேப்டாப்புகள் பேட்டரி இல்லாமல் சார்ஜரிலேயே ஓடும், சிலவற்றில் வேகம் மட்டும் குறையும்.

அடுத்தது வோல்ட். 11.1, 11.4, 11.55 மூன்றுமே மூன்று செல்களை வரிசையாக இணைத்தவைதான். ஆனால் நிறைந்தபோது அவை முறையே 12.6, 13.05, 13.2 வோல்ட் வரை போகும். கூடியவரை லேபிளில் உள்ள அதே எண்ணையே வாங்குங்கள். 7.6 வோல்ட் இருந்த இடத்தில் 11.4, அல்லது 11.4 இருந்த இடத்தில் 15.2 என்பது செல் எண்ணிக்கையே மாறுவது. அந்த லேப்டாப்புக்கு அப்படியொரு பேட்டரியைத் தயாரிப்பாளரே கொடுத்திருந்தால் ஒழிய தொடாதீர்கள்.

கொள்ளளவு கூடுதலாக இருந்தால் கெடுதல் இல்லை. ஆனால் விற்பவர் சொல்லும் எண்ணைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வோல்ட்டை ஆம்பியர் ஹவரால் பெருக்கினால் வாட் ஹவர், அதாவது பேட்டரியில் அடங்கும் மொத்த ஆற்றல், வர வேண்டும்: 11.4 வோல்ட், 3,680 எம்ஏஹெச் (அதாவது 3.68 ஆம்பியர் ஹவர்) என்றால் கிட்டத்தட்ட 42 வாட் ஹவர். லேபிளில் இந்தக் கணக்கு இடித்தாலோ, அதே அளவு பேட்டரியில் 60 வாட் ஹவர் என்று எழுதியிருந்தாலோ அது டூப்ளிகேட். பழையதை விடக் கையில் இலேசாக இருந்தாலும் சந்தேகம்தான்.

கனெக்டரையும் படத்தோடு ஒப்பிடுங்கள்: பின்களின் எண்ணிக்கை, வயரின் நீளம், வயர் எந்தப் பக்கமிருந்து வருகிறது, ஸ்க்ரூ துளைகள் எங்கே. இதெல்லாம் சரியாக இருந்தும் சில லேப்டாப் வேறு கம்பெனி பேட்டரியை ஏற்காது. லெனோவோ திங்க்பேடில் டி430, எக்ஸ்230 தலைமுறையிலிருந்து இந்தச் சோதனை உண்டு: பேட்டரி தெரியும், சார்ஜ் மட்டும் ஏறாது. அப்படிப்பட்ட மாடலுக்கு ஒரிஜினலே வாங்கிவிடுவது மேல்.

கழற்றும் வேலை

சிமென்ட் அல்லது டைல்ஸ் தரைக்குப் பக்கத்தில், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். கட்டில் மெத்தை வேண்டாம். கண்ணாடி, கையுறை, அளவு சரியான ஸ்க்ரூடிரைவர் (பெரும்பாலும் கூட்டல் குறி முனையுள்ள பிஹெச்0 அல்லது பிஹெச்00, சிலவற்றில் ஆறுமுனை நட்சத்திர வடிவ டார்க்ஸ் டி5, மேக்புக்கில் ஐந்து இதழ் பென்டலோப்), பிளாஸ்டிக் நெம்புகோல், பழைய பிளாஸ்டிக் கார்டு, பக்கத்தில் உலர்ந்த மணல் நிரப்பிய உலோகப் பாத்திரம். இவ்வளவு போதும்.

உப்பிய பேட்டரி கீழ் மூடியை உள்ளிருந்து தள்ளிக்கொண்டிருக்கும். ஒரு பக்க ஸ்க்ரூக்களை முழுதாக எடுத்தால் மறுபக்க ஸ்க்ரூவின் மரை பிய்ந்துவிடும். அதனால் எல்லாவற்றையும் குறுக்குமறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். ரப்பர் கால்களுக்கு அடியிலும் ஸ்க்ரூ ஒளிந்திருக்கலாம். ஒரு தாளில் லேப்டாப்பின் வடிவத்தை வரைந்து, கழற்றிய ஸ்க்ரூவை அதன் இடத்திலேயே குத்தி வையுங்கள். நீளமான ஸ்க்ரூவைக் குட்டை துளையில் முறுக்கினால் போர்டையோ புது பேட்டரியையோ அது குத்தும். மூடியின் விளிம்பில் நெம்பும்போது கருவியை சில மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே விடாதீர்கள். உப்பிய செல் விளிம்பு வரை வந்திருக்கக்கூடும்.

திறந்ததும் முதல் வேலை கனெக்டர். வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. சில கனெக்டர்கள் பக்கவாட்டில் வழுக்கி வரும், சில நேராக மேலே வரும், சிலவற்றில் கம்பித் தாழ்ப்பாளை முதலில் தூக்க வேண்டும். எந்த வகை என்று பார்த்துவிட்டு, இரு ஓரத்திலும் மாறி மாறி நகத்தாலோ பிளாஸ்டிக்காலோ நகர்த்துங்கள். கழன்றதும் பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் போர்டில் மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்கிவிடும்.

சட்டத்தில் ஸ்க்ரூ போட்ட பேட்டரி என்றால் அவற்றை எடுத்துவிட்டு, சட்டத்தின் இரு ஓரங்களையும் பிடித்துத் தூக்குங்கள். உப்பிய வயிற்றில் விரல் படக் கூடாது. பசையால் ஒட்டியிருந்தால்தான் பொறுமை தேவை. இழுக்கும் நாடா இருந்தால், அதைப் படுக்கைவாட்டமாக மெதுவாக இழுங்கள். இல்லையென்றால் 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரோபைல் ஆல்கஹாலைச் செல்லின் ஓரத்தில் சில சொட்டு விட்டு, இரண்டு மூன்று நிமிடம் ஊறவிட்டு, பிளாஸ்டிக் கார்டைத் தட்டையாக நுழைத்துச் சிறிது சிறிதாக நகர்த்துங்கள். வரவில்லையா, இன்னும் சில சொட்டு. ஹேர் டிரையர், ஹீட் கன், உலோகக் கத்தி மூன்றும் இந்தப் பக்கமே வரக் கூடாது. "உஸ்" சத்தமோ புகையோ வந்தால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு விலகி, தீயணைப்புத் துறையை அழையுங்கள். அந்தப் புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு போன்ற நச்சு வாயுக்கள் இருக்கும்.

எடுத்த பேட்டரியின் கனெக்டரில் இன்சுலேஷன் டேப் சுற்றி, மணல் பாத்திரத்தில் வைத்து, மூடியை இறுக்காமல் வீட்டுக்கு வெளியே நிழலில் வையுங்கள். குப்பையில் போட்டால் குப்பை வண்டியில் நசுங்கித் தீப்பிடிக்கும். மின்னணுக் கழிவு வாங்கும் மையத்தில் உப்பியது என்று சொல்லியே கொடுங்கள்.

புதியதைப் போடும்போது

பழையது இருந்த இடத்தைப் பாருங்கள். பசை மிச்சம், விழுந்த ஸ்க்ரூ, தூசி எதுவும் இருக்கக் கூடாது. டச்பேட் கேபிள் மடங்கவில்லை, ஸ்பீக்கர் வயர் தன் பள்ளத்திலேயே இருக்கிறது என்பதையும் உறுதி செய்யுங்கள். வயர் பேட்டரிக்கு அடியில் மாட்டிக்கொண்டால் புது செல்லை நாளெல்லாம் அழுத்தும். பேட்டரி தன் இடத்தில் தானாக உட்கார வேண்டும். அழுத்தித்தான் உட்காருகிறதென்றால் அது தவறான பேட்டரி. ஸ்க்ரூக்களைப் போட்டுவிட்டுக் கனெக்டரைக் கடைசியாக மாட்டுங்கள்.

பவர் பட்டனை அழுத்தியும் உயிர் வராவிட்டால் பதற வேண்டாம். பல புது பேட்டரிகள் உறக்க நிலையில் வரும், சார்ஜரைச் சொருகியதும் விழிக்கும். முதல் சார்ஜை நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே போடுங்கள். இளஞ்சூடு இயல்பு, தொட முடியாத சூடு என்றால் உடனே சார்ஜரைப் பிடுங்குங்கள். முதல்முறை எட்டு மணி நேரம் போட வேண்டுமென்பது நிக்கல் பேட்டரி காலத்துப் பழக்கம். நூறு வந்ததும் போதும். அதன்பின் ஒருமுறை பத்து சதவீதம் வரை இறக்கி, தடையில்லாமல் மீண்டும் நிரப்பினால் திரையில் காட்டும் சதவீதம் சரியாகும்.

எப்போதும் சார்ஜரிலேயே ஓடும் லேப்டாப் என்றால் 80 சதவீத வரம்பு வைத்துவிடுங்கள். லெனோவோ, டெல், ஆசுஸ் ஆகியவற்றின் சொந்த மென்பொருளிலோ பயாஸிலோ (லேப்டாப் தொடங்கும்போதே திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புத் திரை) பெரும்பாலும் இந்த வசதி இருக்கும். வரம்பு வைப்பதற்கு முன்பே விண்டோஸின் பேட்டரி ரிப்போர்ட்டை (பேட்டரியின் நிலையைக் காட்டும் அறிக்கை) எடுத்து, டிசைன் கெப்பாசிட்டியையும் (தயாரித்தபோது சொன்ன கொள்ளளவு) ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டியையும் (இப்போது நிறையும் கொள்ளளவு) குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி எடுத்துப் பாருங்கள். இரண்டாவது எண் கணிசமாகச் சரிந்திருந்தால், வாரன்டி முடிவதற்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம்.