த்ரில்லர் நாவலை இரண்டாம் முறை வாசிப்பது எப்படி?

ஒரு த்ரில்லர் நாவலைப் பற்றிப் பேசச் சொன்னால், பாம்பனில் என்னோடு சேர்ந்து வாசிக்கும் கல்லூரி மாணவர்களில் பலர் கொலையாளி யார் என்பதைத்தான் முதலில் சொல்கிறார்கள். அந்த விடை தெரிந்த பிறகுதான் ஆய்வே தொடங்குகிறது. ஆகவே முதல் வாசிப்பைக் கதையின் வேகத்துக்கே விட்டுவிடுங்கள், குறிப்பெடுக்க வேண்டாம். இரண்டாம் முறை வாசிக்கும்போது, ஒவ்வோர் அத்தியாயத்தின் முடிவிலும் நிறுத்தி, இந்த இடத்தில் வாசகருக்கு என்ன தெரியும், ஒவ்வொரு பாத்திரத்துக்கும் என்ன தெரியும், தெரிந்ததை யார் யாரிடம் மறைக்கிறார்கள் என்று நோட்டில் எழுதுங்கள். இவற்றுள் மூன்றாவது கேள்விதான் பாத்திரங்களைத் திறந்து காட்டும்.

நம் கரையில் நடக்கும் ஒரு நாவலைக் கற்பனை செய்துகொள்வோம். மே மாதம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கின்றன. மதுரையில் ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்ததாகச் சொன்ன படகு ஓட்டுநரின் கைலி, விடியற்காலையில் கொல்லைக் கொடியில் ஈரமாகத் தொங்குகிறது. அவன் மனைவி அதைத் தொட்டு, விரலை நாக்கில் வைத்துப் பார்க்கிறாள், உப்புக் கரிக்கிறது. ஒரு வார்த்தையும் கேட்காமல் நல்ல தண்ணீரில் அலசி அதே கொடியில் மறுபடியும் காயப்போடுகிறாள். அவன் நாட்டுப்படகில் கடல் அட்டை என்ற கடலுயிரியைக் கடத்தப் போன இரவு அது என்பதும், உடன் போனவன் திரும்பவில்லை என்பதும் நூறு பக்கங்களுக்குப் பிறகே நமக்குத் தெரியவருகின்றன.

முதல் வாசிப்பில் கைலி ஒரு தடயம் மட்டுமே. இரண்டாம் வாசிப்பில் நம் கவனம் அவள் அதை அலசியதன்மேல் நிற்க வேண்டும். காவல்துறைக்கும் நமக்கும் முன்பே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தக் கணத்திலிருந்து அவள் வெறும் சாட்சி அல்லள், உடந்தை. அவள் எதைக் காப்பாற்றுகிறாள் என்பதற்கு, கடன், பிள்ளையின் படிப்பு, ஊராரின் பேச்சு என்று நாவலுக்குள்ளேயே கிடக்கும் சான்றுகளைப் பக்க எண்ணோடு திரட்டுங்கள். நாவலில் இல்லாத காரணத்தை நம் அனுபவத்திலிருந்து இட்டு நிரப்பக் கூடாது.

வில்லனிடமும் இதே பொறுமை வேண்டும். கடல் அட்டை பிடிப்பது 2001இல் தடைசெய்யப்பட்டது. அதற்கு முன் அதே தொழிலைப் பட்டப்பகலில் செய்த அறுபது வயது வியாபாரிக்குத் தன்னைக் குற்றவாளியாக நினைக்கத் தோன்றாமல் போகலாம். அவரை வெறும் கெட்டவர் என்று எழுதிவிட்டால் நாவலின் பாதியை இழந்துவிடுவீர்கள்.

இனி மையக்கருத்து. கடத்தல் என்பது கதை நடக்கும் களம்தான். அதை மையக்கருத்தாக எழுதுவது அடிக்கடி நேரும் பிழை. இங்கே தொல்காப்பியத்தின் முப்பொருள் பகுப்பு எனக்குப் பெரிதும் உதவியிருக்கிறது. தடைக்காலத்துக் கடற்கரையை முதற்பொருளாகவும் (நிலமும் பொழுதும்), படகையும் வலையையும் கடல் அட்டையையும் கருப்பொருளாகவும் (அந்நிலத்தில் உள்ளவை) வைத்துவிட்டு, உரிப்பொருள், அதாவது அந்நிலத்துக்குரிய உணர்வு, எது என்று கேளுங்கள். கடல் சார்ந்த நிலமான நெய்தலுக்கு உரியது இரங்கல். சங்கத் தலைவி, போனவன் வரவில்லையே என்று கரையில் இரங்கினாள். இந்த நாவலின் மனைவியோ, கணவன் திரும்பி வந்ததாலேயே இரங்குகிறாள். இந்த வேறுபாட்டைக் கண்டுவிட்டால், ‘அன்பினால் காக்கப்படும் மௌனம் இன்னொரு வீட்டின் துயரத்தை நீட்டிக்கிறது’ என்பதுபோல ஒரு முழு வாக்கியமாக மையக்கருத்தை எழுத முடியும். ‘மௌனம்’ என்ற ஒற்றைச் சொல் போதாது, ஏனெனில் ஒரு சொல்லை எவராலும் மறுக்க முடியாது, வாக்கியத்தை மறுக்கலாம்.

மறுத்தும் பாருங்கள். உங்கள் வாக்கியத்துக்கு ஒத்துவராத ஒரு காட்சியையாவது தேடி எடுங்கள். கடைசி அத்தியாயத்தில் அவள் உண்மையைச் சொல்கிறாள் என்றால், அதைக் காவல் நிலையத்தில் சொல்கிறாளா, திரும்பாதவனின் தாயிடம் போய்ச் சொல்கிறாளா என்று பார்த்து, அதற்கேற்ப வாக்கியத்தைத் திருத்தி எழுதுங்கள்.