வால்வு முதலில், கார்புரேற்றர் கடைசியில்

அக்காவின் மகன் போன மாதம் 1973ஆம் ஆண்டு பி.எம்.டபிள்யூ 2002 ஒன்று வாங்கினான். "மாமா, நிற்கும்போது இஞ்சின் நடுங்குது. கார்புரேற்றரைத் திருகிப் பார்க்கட்டா?" என்று கேட்டான். பெற்றோலையும் காற்றையும் கலந்து இஞ்சினுக்கு அனுப்பும் அந்தப் பகுதியைத் தொடாதே என்றேன்.

1988இல் ஜேர்மனியின் டொர்ட்முண்டில் எனக்கும் அதே கார் இருந்தது. கரும்பச்சை, 1990 சிசி, 100 குதிரைச்சக்தி. நானும் கார்புரேற்றரில் தொடங்கி மூன்று சனிக்கிழமைகளைத் தொலைத்தேன். பக்கத்துக் கராஜில் ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவர் இருந்தார். மைஸ்டர், அதாவது கைதேர்ந்தவர், என்றுதான் கூப்பிடுவேன். வால்வு மூடியைக் கழற்று என்றார். சிலிண்டருக்குள் கலவையை விட்டு, புகையை வெளியேற்றுபவை வால்வுகள். அவர் காட்டிய முறை இதுதான்.

இஞ்சின் இரவு முழுக்க ஆறியிருக்க வேண்டும். தீப்பொறி தரும் நாலு பிளக்கையும் கழற்றி, நாலாம் கியரில் போட்டுக் காரை மெல்லத் தள்ளுங்கள். நாலாம் சிலிண்டரில் ஒரு வால்வு அடைபட்டு முடிய, மற்றது திறக்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்தினால், முதலாம் சிலிண்டரைச் சரிசெய்யலாம். அப்புறம் இரண்டைப் பார்த்து மூன்று, ஒன்றைப் பார்த்து நாலு, மூன்றைப் பார்த்து இரண்டு.

வால்வை அழுத்தும் ராக்கர் என்ற நெம்புகோலின் நுனியில் துளையுள்ள சிறு உருளை இருக்கும். 10 மி.மீ. நட்டைத் தளர்த்தி, வளைத்த சைக்கிள் கம்பியைத் துளையில் விட்டு உருளையைத் திருப்ப வேண்டும். உருளைக்கும் வால்வுக்கும் நடுவே இடைவெளி 0.15 முதல் 0.20 மி.மீ. வரை. தடித்த புத்தகத்துக்குள் இறுகியிருக்கும் தாளை உருவும்போது ஒரு இழுவை தெரியுமே, இடைவெளிக்குள் விடும் மெல்லிய அளவுத் தகட்டிலும் அதுதான் தெரிய வேண்டும். நட்டை இறுக்கும்போது இடைவெளி கொஞ்சம் மாறும். திரும்பவும் அளந்து பாருங்கள். என் காரில் இரண்டு வால்வுகளுக்குள் தகடே நுழையவில்லை. சத்தமே இல்லாததால் நல்ல நிலை என்று நம்பியிருந்தேன். இறுகிய வால்வு முழுதாக மூடாமல் எரிந்துபோகும். லேசான டிக் டிக் கேட்டால் மனம் ஆறுதலாக இருக்கலாம்.

அடுத்தது பொயின்ற், தீப்பொறிக்காக மின்சாரத்தைத் துண்டிக்கும் தொடுமுனைகள். அவற்றின் இடைவெளி 0.4 மி.மீ. இதில் பெரிய வேலை இல்லை.

தீப்பொறி வரும் நேரமான டைமிங் அதற்குப் பிறகுதான், ஏனென்றால் பொயின்ற் இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும். இஞ்சினோடு சுற்றும் கனச்சக்கரமான பிளைவீலில் பதித்த ஒரு இரும்புக் குண்டைக் கியர்பெட்டி உறையின் துளை வழியாகப் பார்க்க வேண்டும். அழுக்கில் அது தெரியாது. துடைத்து வெள்ளைப் பெயின்ற் ஒரு பொட்டு வையுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் என்பது மின்சாரத்தைப் பிளக்குகளுக்குப் பிரித்தனுப்பும் பகுதி. அதில் உள்ள வக்யூம் குழாயைக் கழற்றி, நிமிடத்துக்கு 1400 சுற்றில் ஓடவிட்டு, தீப்பொறியோடு மின்னும் டைமிங் விளக்கைப் பிடித்து, குண்டு துளையின் நடுவில் நிற்கும்வரை டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்புங்கள்.

சரி, இப்போது கார்புரேற்றர். இஞ்சின் நன்றாகச் சூடாகட்டும். கலவைத் திருகாணியை மெல்ல உள்ளே திருப்பினால் ஒரு இடத்தில் இஞ்சின் திக்கும். அங்கிருந்து வெளியே திருப்பிக்கொண்டு வந்து, ஓட்டம் மிகச் சீராகும் இடத்தில் விடுங்கள். வேகம் சுமார் 900 சுற்று போதும். அந்த நாலாம் சனிக்கிழமை எனக்குத் திருகாணியில் கால் சுற்றுக்கு மேல் வேலை இருக்கவில்லை. மைஸ்டர் தன் கோப்பிக் கோப்பையை வால்வு மூடிமேல் வைத்தார். கோப்பியில் மெல்லிய வட்டங்கள் மட்டும் தெரிந்தன.

இருபது கிலோமீற்றர் ஓடிவிட்டுப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இளம்பழுப்பாக இருந்தால் வேலை முடிந்தது.