கல்லூரியில் ஸ்பானிஷ், முதல் பருவம்: தமிழிலிருந்தே நேராகப் போங்கள்

ஸ்பானிஷை விருப்பப் பாடமாக எடுப்பவர்களில் பெரும்பாலோர் முதல் மாதமே ஒரு பழக்கத்தில் சிக்கிக்கொள்கிறார்கள். பாடப்புத்தகம் ஆங்கிலத்தில் விளக்குகிறது என்பதால், ஒவ்வொரு வாக்கியத்தையும் முதலில் ஆங்கிலத்தில் அமைத்து, பிறகு ஸ்பானிஷாக்கப் பார்க்கிறார்கள். முதல் பருவத்தில் வரும் பல கடினமான இடங்களுக்குத் தமிழ்தான் பக்கத்து வழி.

'பிடிக்கும்' என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கில வழியில் போகிறவர் 'யோ குஸ்தோ' என்று எழுதி மதிப்பெண்ணை இழப்பார். சரியான வடிவம் 'மே குஸ்தா எல் கஃபே'. சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'எனக்கு, பிடிக்கும், காபி'. நம் 'எனக்கு' அப்படியே அங்கே 'மே' ஆகிறது. 'எனக்குத் தலை வலிக்கிறது' என்பதும் இதே அச்சுதான்: 'மே துவேலே லா கபேஸா'. இரண்டு இடங்களில் மட்டும் கவனம் வேண்டும். பிடித்த பொருள் பன்மையானால் வினையும் பன்மையாகும்: 'மே குஸ்தான் லாஸ் மன்ஸானாஸ்', எனக்கு ஆப்பிள்கள் பிடிக்கும். அடுத்து, காபிக்கு முன்னால் வரும் 'எல்' என்ற சிறு சொல்லை விடக்கூடாது. தமிழில் அப்படி ஒன்று இல்லாததால் கை தானாகவே அதைத் தாண்டிவிடும்.

'எனக்கு' என்பதை அடுத்து வினை வராமல் பெயர்ச்சொல் வந்தால் பெரும்பாலும் 'தெங்கோ' போடுங்கள். எனக்குப் பசி, 'தெங்கோ அம்ப்ரே'. எனக்கு ஒரு தங்கை, 'தெங்கோ உனா எர்மானா'. எனக்கு வயது இருபது, 'தெங்கோ பெய்ந்தே ஆஞோஸ்'. இந்தக் கடைசி வாக்கியத்தில் 'ஞ' ஒலிக்கு உரிய எழுத்தின் தலையில் அலைக்கோடு இருக்கும். அதை விட்டுவிட்டால் 'வருடம்' என்ற சொல் ஆசனவாயைக் குறிக்கும் சொல்லாகிவிடும்.

எல்லோரும் அஞ்சும் பாடம் 'ஸெர்', 'எஸ்தார்' என்ற இரண்டு வினைகள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல், அதனால்தான் குழப்பம். தமிழில் சொல்லிப் பாருங்கள். 'நான் மாணவி', 'இது என் புத்தகம்', 'மணி மூன்று': இவற்றில் வினையே இல்லை. அங்கெல்லாம் ஸெர். 'வீட்டில் இருக்கிறேன்', 'சோர்வாக இருக்கிறேன்': 'இரு' வந்தால் எஸ்தார். விதிவிலக்குபோலத் தோன்றும் ஓர் இடத்திலும் இது பொருந்துகிறது. விழா எங்கே என்று கேட்டால் ஸ்பானிஷில் ஸெர்தான் வரும். நாமும் 'விழா எங்கள் வீட்டில்' என்றுதான் சொல்கிறோம். பண்புச்சொற்களில் மட்டும் இந்தச் சோதனை தடுமாறும். 'உயரமாக இருக்கிறாள்' என்று நாம் சொன்னாலும் அங்கே 'எஸ் ஆல்தா'தான் ('எஸ்' என்பது ஸெரின் வடிவம், 'எஸ்தா' என்பது எஸ்தாரின் வடிவம்). 'உயரமானவள்' என்று மாற்றிச் சொல்ல முடிகிறதா, அது அவளுடைய நிலையான தன்மையா என்று பாருங்கள். ஆம் என்றால் ஸெர். 'லா மன்ஸானா எஸ் பெர்தே' என்றால் அது பச்சை நிற ஆப்பிள். 'எஸ்தா பெர்தே' என்றால் ஆப்பிள் இன்னும் காயாக இருக்கிறது.

இன்னொரு நல்ல ஒற்றுமை. 'வீடு பார்த்தேன்' என்று ஐ உருபு இல்லாமல் சொல்லலாம். 'மரியா பார்த்தேன்' என்று சொல்ல முடியாது, 'மரியாவை' வேண்டும். ஸ்பானிஷிலும் குறிப்பிட்ட ஒரு மனிதர் செயப்படுபொருளானால் முன்னால் 'ஆ' சேரும்: 'பேயோ ஆ மரியா', ஆனால் 'பேயோ லா காஸா'. அதேபோல 'வருகிறேன்' என்றால் போதும், 'நான்' தேவையில்லை. ஸ்பானிஷிலும் வினையின் ஈறே ஆளைக் காட்டிவிடும். ஒவ்வொரு வாக்கியத்தையும் 'யோ' என்று தொடங்குவது ஆங்கில வாடை.

உச்சரிப்புக்கு வருவோம். நோட்டின் ஓரத்தில் ஸ்பானிஷ் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்யாதீர்கள். இங்கே வழிகாட்டத்தான் அப்படி எழுதியிருக்கிறோம். நம் எழுத்தில் 'பெஸோ' என்றால் எடையும் ஆகும், முத்தமும் ஆகும். 'தியா' என்றால் நாளும் ஆகும், அத்தையும் ஆகும். ஸ்பானிஷில் அவற்றின் முதல் எழுத்துகள் வேறு, ஒலியும் வேறு. ஆனால் நம் காதும் நாக்கும் பெரிய உதவி. 'அது' என்பதில் த மெலிகிறது, 'பந்து' என்பதில் அழுத்தம் பெறுகிறது. 'நாதா' என்ற சொல்லில் 'அது'வின் த, 'தோந்தே'யின் நடுவில் 'பந்து'வின் த. 'லாகோ'வில் வரும் க நம் 'மகன்' சொல்லில் வரும் மெல்லிய க.

உண்மையில் உழைப்பு தேவைப்படுவது இரண்டு இடங்களில். ஒன்று, உருளும் ர. 'பெரோ' என்றால் 'ஆனால்', 'பெர்ரோ' என்றால் 'நாய்'. நாக்கு நுனியை இறுக்காமல் மேல் பல்லின் பின்மேட்டில் தளர்வாக வைத்து, மூச்சை வேகமாகத் தள்ளினால் அது தானே அதிரும். நாக்கை நீங்களே ஆட்ட முயன்றால் வராது. தினம் 2 நிமிடம் போதும், ஆனால் தினமும் செய்ய வேண்டும். இன்னொன்று, அசை அழுத்தம். தமிழில் அழுத்தம் பொருளை மாற்றாது, அங்கே மாற்றும். முதல் அசையை அழுத்தி 'ஆப்லோ' என்றால் 'பேசுகிறேன்', கடைசி அசையை அழுத்தினால் 'பேசினார்'. விதி எளிது: சொல் உயிரிலோ ந், ஸ் ஒலிகளிலோ முடிந்தால் கடைசிக்கு முந்திய அசை, மற்றவற்றில் முடிந்தால் கடைசி அசை, இதை மீறும் சொல்லில் அழுத்தம் பெறும் உயிரெழுத்தின் தலையில் சாய்கோடு இருக்கும். புதுச் சொல்லைப் படிக்கும்போது அழுத்தம் வரும் அசையில் மேசையை ஒரு தட்டு தட்டுங்கள்.

தமிழ் கைகொடுக்காத இடம் பால். நமக்கு மேசையும் கதவும் அஃறிணை, அவ்வளவுதான். அங்கே ஒவ்வொரு பொருளும் ஆண்பால் அல்லது பெண்பால்: ஆண்பாலுக்கு முன்னால் 'எல்', பெண்பாலுக்கு முன்னால் 'லா'. 'மேஸா' என்று தனியாகப் படிக்காமல் 'லா மேஸா' என்றே படியுங்கள். ஓ-வில் முடிந்தால் பொதுவாக ஆண்பால், ஆ-வில் முடிந்தால் பெண்பால். 'லா மானோ', 'எல் தியா', 'எல் மாபா', 'எல் ப்ரொப்லேமா' ஆகிய நான்கு விலக்குகளும் முதல் தேர்விலேயே வரக்கூடியவை.

வினை வாய்பாட்டை மேலிருந்து கீழாக ஒப்பித்தால் பேசும்போது 'நாங்கள்' வடிவத்துக்கு நான்கு படி ஏறி இறங்க வேண்டியிருக்கும். துண்டுச் சீட்டுகளில் ஆளையும் வினையையும் தனித்தனியே எழுதிக் குலுக்கி எடுத்து, 3 விநாடிக்குள் வடிவத்தைச் சொல்லிப் பழகுங்கள். 'போஸோத்ரோஸ்' (நெருங்கியவர்கள் பலரைப் பார்த்துச் சொல்லும் 'நீங்கள்') வடிவம் ஸ்பெயினில் உண்டு, லத்தீன் அமெரிக்காவில் பேச்சில் இல்லை. தேர்வுக்கு அது வேண்டுமா என்று முதல் வாரமே ஆசிரியரிடம் கேட்டுவிடுங்கள். ஆறில் ஒரு பங்கு வேலை குறையலாம்.

வாரத்தில் ஒருநாள் 3 மணி நேரம் உட்காருவதைவிட தினம் 25 நிமிடம் மேல்: பழைய சீட்டுகளுக்கு 10, புதிதாக 8 சொற்களுக்கு 5, மீதி 10 நிமிடம் கேட்டு எழுதுதல். பாடப்புத்தக ஒலிப்பதிவில் 30 விநாடியை மூன்று முறை கேட்டு எழுதி, அச்சிட்ட உரையோடு ஒப்பிடுங்கள். எந்தச் சொல் காதில் விழவில்லையோ அதுதான் அடுத்த நாள் சீட்டு.

கல்லூரிச் சான்றிதழைத் தாண்டி ஏதாவது வேண்டுமானால் ஸ்பெயின் அரசின் மொழி நிறுவனமான செர்வாந்தெஸ் நிறுவனத்தின் தேலே (DELE) தேர்வில் தொடக்க நிலையான ஏ1 இருக்கிறது. படித்தலும் எழுத்தும் ஒரு தொகுதி, கேட்டலும் பேச்சும் மற்றொன்று. ஒவ்வொன்றிலும் 50-க்கு 30 எடுக்க வேண்டும். ஒன்றில் குறைந்ததை மற்றதில் ஈடுகட்ட முடியாது. நம் மாணவர்கள் எழுத்தில் காட்டும் அக்கறையைக் கேட்டலில் காட்டுவதில்லை, அங்கேதான் வழுக்கும்.

எழுத்துத் தேர்வில் கடைசி 5 நிமிடத்தை ஒதுக்கி வையுங்கள். முதலில் பெயர்ச்சொற்களின் கீழ் மட்டும் விரலை ஓட்டி, முன்னால் இருக்கும் 'எல்', 'லா'வும் பின்னால் வரும் பண்புச்சொல்லும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். இரண்டாவது சுற்றில் சாய்கோடுகளும் அலைக்கோடுகளும்.