'ஒத்துக்காது' என்று மட்டும் சொல்லாதீர்கள்

சேலத்திலிருந்து இங்கிலாந்துக்குப் புதிதாக வந்திருக்கும், கடும் அலர்ஜி உள்ள பிள்ளைகளின் அம்மாக்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் காகித வேலை. வந்த வாரமே ஜிபியிடம் (இங்கே குடும்ப டாக்டருக்கு அதுதான் பெயர்) பதிந்து, அலர்ஜி கிளினிக்குக்குப் பரிந்துரை கேளுங்கள். கடும் அலர்ஜி கிளம்பினால் தொடையில் குத்தும் அட்ரினலின் ஊசிப் பேனா, எப்போதும் இரண்டு உங்களோடு இருக்கட்டும். அவசரத் திட்டத்தை எழுதிப் பள்ளியில் கொடுங்கள். கடைப் பாக்கெட்டுகளில் 14 அலர்ஜிப் பொருட்களை எடுப்பாகக் காட்டுவது இங்கே சட்டம். கடுகும் எள்ளும் அதில் உண்டு. நம் தாளிப்பே குற்றவாளிக் கூண்டில்தான். சரி, இதெல்லாம் எவரும் சொல்லிவிடுவார்கள்.

நான் மாட்டியது முதல் லீவுக்கு ஊருக்குப் போனபோது. மே மாதம், அம்மாப்பேட்டையில் எங்கள் வீடு. "பையனுக்குக் கடலை ஒத்துக்காதும்மா" என்று நூறு தடவை சொல்லியிருந்தேன். நம் ஊரில் 'ஒத்துக்காது' என்றால் என்ன? தயிர் சாப்பிட்டால் சளி பிடிக்கும், கத்திரிக்காய் தின்றால் அரிக்கும். கொஞ்சமாகத் தின்றால் ஒன்றும் ஆகாது என்றுதானே அர்த்தம்? அம்மா கடலை போடாமல்தான் முறுக்கு சுட்டார். எண்ணெய் மட்டும் செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய். "எண்ணெய்தானே கண்ணு!" செக்கு எண்ணெயில் கடலையின் புரதம் தங்கியிருக்கும். அலர்ஜியைக் கிளப்புவது அதுதான்.

பாதி முறுக்குதான். உதடு வீங்கியது, இருமல், அப்புறம் குரல் மாறியது. பேனா இருந்த பை, ஏற்காடு போவதற்காகக் காலையிலேயே காரில் ஏற்றிய பை. 25 டிகிரிக்கு மேல் வைக்கக்கூடாது என்று தெரிந்தவள்தான் நான். சேலத்து வெயிலில் 3 மணி நேரம்! ஓடிப்போய் எடுத்துத் தொடையில் குத்தினேன். 108 வரும்வரை படுக்கவைத்து எழவே விடவில்லை. அடங்கியது மறுபடி கிளம்பலாம் என்பதால் இரவு முழுக்க ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள்.

அந்தப் பேனாவைப் பிறகு ஊரில் தேடி அலைந்தேன், எளிதில் கிடைப்பதில்லை. எத்தனை நாள் தங்குவீர்களோ அதற்குத் தாராளமாகக் கொண்டுபோங்கள்.

பையன் மறுநாளே விளையாடினான். நான்தான் இன்னும் எழவில்லை. ராத்திரி 2 மணிக்கு அவன் நெஞ்சில் கை வைத்துப் பார்ப்பேன். பிறந்தநாள் அழைப்பு வந்தால் வயிறு கலங்கும். இதற்கு நடுவில் உறவுக்காரர்கள் வேறு: "மசக்கையில் கடலை மிட்டாயா தின்னே?" அதனால் அலர்ஜி வரும் என்பதற்கு ஆதாரமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகும் அந்தக் கேள்வி காதில்தான் இருக்கிறது.

இங்கிலாந்தில் மனநல ஆலோசனைக்கு ஜிபி சீட்டு இல்லாமல் நீங்களே நேரடியாகப் பதியலாம். பிள்ளைக்குத்தானே நோய் என்று நான் ஒன்றரை வருடம் தள்ளிப்போட்டேன். நீங்கள் தள்ளாதீர்கள். லேபிள் படிப்பதும் பேனாவின் காலாவதித் தேதி பார்ப்பதும் வாரம் 2 நாள் வீட்டுக்காரர் வேலையாகட்டும். எங்கள் வீட்டில் அதற்கே ஒரு சண்டை நடந்தது.

ஊரில் பேசும்போது பூசி மெழுகாதீர்கள். "கடலை தின்றால் மூச்சு நின்றுவிடும்" என்று சொல்லுங்கள். கேட்பவர் முகம் சுளிக்கும், சுளிக்கட்டும்.

போன மாதம் அம்மா ஒரு டப்பா அனுப்பினார். 'தேங்காய் எண்ணெய் முறுக்கு, புது வாணலி' என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார். இன்னும் பிரிக்கவில்லை.